முன்னே போய்ப் பார்த்து வருகிறவர்

தீபாவளிக்கு முந்தின வாரம். எதிர்வீட்டு டபேதார் மாமாவின் கையில் அவர் சம்சாரம் ஒரு பையைக் கொடுத்து, ஸ்ரீவில்லிபுத்தூர் வரை போய்ப் பால்கோவா வாங்கி வரச் சொல்லியிருந்தார். சாயந்தரம் மாமா மொபெட்டை வாசலில் நிறுத்தியதும், உள்ளே போகாமல் அங்கேயே விறைப்பாக நின்று சொல்ல ஆரம்பித்தார்.

“நாலு கடை பார்த்தேன். ரெண்டு கடையில இன்னைக்குக் கிண்டுனது. மூணாவது கடையில நேத்து உள்ளது, சூடு பண்ணி வச்சிருக்கான். நாலாவது கடையில அடுப்பே எரியலை. கூட்டம் தெரு முக்கு வரைக்கும் நிக்குது.”

“அது கிடக்கட்டும், பால்கோவா எங்க?”

“நீ ‘போய்ப் பார்த்துட்டு வாங்க’ன்னுல்லா சொன்ன. பார்த்துட்டு வந்துட்டேன்.”

சம்சாரம் காலிப் பையைப் பிடுங்கிக்கொண்டு தெருவைப் பார்த்துக் கத்தினார். “ஏட்டி, எல்லாரும் வந்து பாருங்கடி! பட்டாளத்துலேருந்து இவியளை எனக்குன்னு பார்த்து அனுப்பிச்சிருக்காங்க!” மாமா துணியை எடுத்து மொபெட்டின் கைப்பிடி, விளக்கு, சக்கரம் எல்லாவற்றையும் நிதானமாகத் துடைத்தார். அதற்குப் பிறகுதான் தண்ணீர் கேட்டார்.

நான் சோழபுரத்திலிருந்து இராஜபாளையத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்து அப்போது சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். அந்தக் காலிப் பையோடுதான் அவர் எனக்கு அறிமுகமானார்.

டபேதார் என்பது அவருடைய பெயர் அல்ல, பதவி. கலெக்டர் ஆபீசில் தலைப்பாகையோடு கதவைத் திறந்துவிடுகிற டபேதார் என்று நான் முதலில் நினைத்திருந்தேன். தெருவில் பாதிப் பேர் இன்னமும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருப்பார்கள் என்றாலும் பெரும்பாலும் காலாட்படைதான். நாயக், ஹவில்தார், சுபேதார் என்றால் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். மாமா இருந்ததோ ஒரு காலத்தில் குதிரைப்படையாக இருந்த ரெஜிமென்ட். குதிரை போய்க் கவச வண்டி வந்து எவ்வளவோ காலமாகியும் பதவிகள் மட்டும் குதிரையை விட்டு இறங்கவில்லை. சிப்பாய்க்கு அங்கே சவார், ஹவில்தாருக்கு டபேதார், சுபேதாருக்கு ரிசல்தார்.

“அப்போ நீங்க குதிரை ஓட்டியிருக்கீங்களா மாமா?” என்று கேட்டேன்.

“குதிரையைப் படத்துல பார்த்திருக்கேன் தாயி. ரெஜிமென்ட் பொறந்த நாளுக்கு அந்தப் படத்துக்கு மாலை போடுவோம்.”

ஆனால் குதிரைக்காரர்களின் பழக்கம் ஒன்று அவரிடம் இருந்தது. திரும்பி வந்தவன் முதலில் பார்த்த சங்கதியைச் சொல்ல வேண்டும், அடுத்தது குதிரையைக் கவனிக்க வேண்டும், கடைசியாகத்தான் தன் வயிற்றைக் கவனிக்க வேண்டும். குதிரை இருந்த இடத்தில் கவச வண்டி வந்தது. கவச வண்டி இருந்த இடத்தில் இப்போது மொபெட் நின்றது.

அந்த ரெஜிமென்டின் வேலை வேவு பார்ப்பது. பெரிய டாங்கிகள் கிளம்புவதற்கு முன்னால், இலேசான சின்னக் கவச வண்டிகளில் இவர்கள் போக வேண்டும். பாலம் வண்டியைத் தாங்குமா, மணல் இறுகலா பொதபொதப்பா, எதிரி எந்த மேட்டுக்குப் பின்னால் நிற்கிறான் என்று கண்ணில் படாமல் பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும். சண்டை போடக் கூடாது. சுட்டால் அங்கே இருப்பது தெரிந்துவிடும். தெருக்கோடியில் இருந்த ஹவில்தார் மாமாவுக்கு இது போதாதா? அவர் காலாட்படை. டீக்கடையில் டபேதார் மாமா தலை தெரிந்ததும் ஆரம்பித்துவிடுவார்.

“வேய், நாங்க நெஞ்சைக் காட்டிச் சண்டை போட்டோம். நீரு எட்டிப் பார்த்துட்டு ஓடி வந்தீரு. ரெண்டு பேருக்கும் ஒரே பென்சன்!”

“ஓடி வர்றதுதான் வேய் வேலையே” என்பார் டபேதார் மாமா, டீயை ஊதிக்கொண்டே. “திரும்பி வராதவன் எம்புட்டுப் பார்த்திருந்தா என்ன, யாருக்குப் பிரயோசனம்?”

ஹவில்தார் மாமா தொடையில் தட்டிச் சிரிப்பார். அவருடைய டீக்கும் சேர்த்து டபேதார் மாமாவே காசு கொடுத்துவிட்டு எழுந்து வருவார்.

டபேதார் மாமா எதைச் சொன்னாலும் மூன்றாகப் பிரித்துத்தான் சொல்வார். பார்த்தது, கேட்டது, நினைக்கிறது. ஒன்றை இன்னொன்றோடு சேர்க்கவே மாட்டார். ரெஜிமென்டில் அப்படித்தான் பழக்கியிருந்தார்களாம். தெருவில் ஒரு முறை பெரிய சலசலப்பு. இரண்டு வீடு தள்ளி ஒரு பெண், கல்லூரிக்குப் போகிறவள், அவளை ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் யாரோ ஒரு பையனோடு பார்த்ததாகப் பேச்சு. மாமாவும் அன்றைக்கு அங்கே இருந்தார் என்று தெரிந்து, அவள் அப்பா வேர்த்து வடிய வந்து கேட்டார். நாலைந்து பேர் காதைத் தீட்டிக்கொண்டு கூடிவிட்டோம். நானும்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

“உம்ம மக ஐஸ்கிரீம் சாப்பிட்டதைப் பார்த்தேன்” என்றார் மாமா. “பக்கத்துல ஒரு பையன் நின்னதைப் பார்த்தேன். அவனும் சாப்பிட்டான். ரெண்டு பேரும் சேர்ந்து வந்ததையோ போனதையோ நான் பார்க்கலை. பேசுனதைக் கேட்கலை.”

“நீங்க என்ன நினைக்கீங்க?”

“நினைக்கிறதுக்கு அம்புட்டு ஒண்ணும் நான் பார்க்கலையே.”

அப்பா மூச்சு விட்டார். கூட்டம் சப்பென்று ஆகிக் கலைந்தது. அவருடைய அந்தக் குணத்தை நினைத்து அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆனால் கூடவே வாழ்கிறவர்களுக்கு அது அவ்வளவு இனிப்பாக இருக்காது. அவர் சம்சாரம் என்னிடம் அடிக்கடி புலம்புவார். “எனக்குக் காய்ச்சல்னு படுத்துக் கிடக்கேன். ஒண்ணும் ஆகாதுடி, சரியாயிரும்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன? தெர்மாமீட்டரைப் பார்த்துட்டு நூத்தி ரெண்டுன்னு சொல்லிட்டுப் போறாவ. அவிய வாயில ஆறுதல்னு ஒண்ணு வந்து நான் பார்த்ததில்ல.” சொல்லிவிட்டு, அந்தக் காய்ச்சலில் மூன்று நாளும் கஞ்சி வைத்துக் கொடுத்தது அவர்தான் என்பதையும் முணுமுணுப்பாகச் சேர்த்துக்கொள்வார்.

ஏன் இப்படி என்று நானே ஒரு நாள் வாய்விட்டுக் கேட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். மாமா மொபெட்டின் சங்கிலியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

“எங்க ட்ரூப்புல ஒருத்தன் போயிட்டு வந்து, பாலம் நல்லா இருக்குன்னான். தூரத்துல நின்னு பார்த்திருக்கான். நல்லாத்தான் இருக்கும்னு நினைச்சதை நல்லா இருக்குன்னு சொல்லிட்டான். பின்னால வந்த வண்டி ஏறவும் பாலம் இடிஞ்சுது, அதுல மூணு பேரு. ஊருக்குப் பொட்டியிலதான் போனாங்க.”

பிறகு சங்கிலிக்கு எண்ணெய் விட ஆரம்பித்தார். 

இதெல்லாம் நடந்து வருஷங்களாகிவிட்டன. இப்போது அவர் மகளோடு ஓசூரில் இருக்கிறார். போனில் “அங்க மழை உண்டா மாமா?” என்று கேட்டால், “ஜன்னல் வழியாத் தெரியுற மட்டுக்கும் இல்ல” என்கிறார். எனக்கு அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று தோன்றுவதெல்லாம் ஒரு புரட்டாசிச் சனிக்கிழமையைப் பற்றித்தான்.

என் வீட்டுக்காரர் அப்போது மில்லில் பிட்டர். அன்றைக்கு மில்லில் கூட வேலை பார்க்கும் ஆறு பேரோடு, செண்பகத்தோப்புக்கு மேலே காட்டுக்குள் இருக்கும் பெருமாள் கோயிலுக்குக் காலையிலேயே கிளம்பிப் போனார். மதியம் மலைப்பக்கம் வானம் கறுத்தது. ஊருக்குள் ஒரு தூறல்கூட இல்லை. நான் பேண்டேஜ் துணி கம்பெனியில் பேக்கிங் வேலையில் இருந்தேன். காட்டு ஓடையில் வெள்ளம் வந்துவிட்டது, மேலே போனவர்கள் மாட்டிக்கொண்டார்கள் என்று யாரோ வந்து சொன்னார்கள். அவருக்குப் போன் போட்டேன். போகவே இல்லை. திரும்பத் திரும்பப் போட்டேன். கையில் இருந்த துணிச்சுருளைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி வந்தேன்.

டபேதார் மாமா விஷயத்தைக் கேட்டதும் மொபெட்டை எடுத்தார். ஹவில்தார் மாமா ஒரு ஆட்டோ பிடித்து என்னையும் என் மாமியாரையும் ஏற்றிக்கொண்டார். ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி, தோப்புகளைக் கடந்து, வனத்துறைச் செக்போஸ்ட் வரை போய்ச் சேர்ந்தோம். அதற்கு மேல் விடவில்லை. வாட்சர் கம்பைக் குறுக்கே போட்டுவிட்டு நின்றார். காலையில் ஏழு பேரை உள்ளே விட்டது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. கயிறோடு தீயணைப்பு வண்டி வந்துகொண்டிருக்கிறது, அதுவரை யாரும் போகக் கூடாது என்றார்.

டபேதார் மாமா அவரைத் தனியே அழைத்துப் போய்ப் பேசினார். “ஓடைக் கரை வரைக்கும் போய்ப் பார்த்துட்டு வந்துர்றேன். தண்ணியில ஒரு காலு வைக்க மாட்டேன். வண்டி வாரதுக்குள்ள என்ன நிலவரம்னு தெரிஞ்சா அவங்களுக்கும் நல்லதுல்லா.” வாட்சர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். கம்பைத் தூக்கிவிட்டார்.

அவர் போனது முதல் நான் அந்தப் பாதையையே பார்த்துக்கொண்டு நின்றேன். மாமியார் தரையில் உட்கார்ந்து பெருமாளைத் திட்டிக்கொண்டிருந்தார். ஹவில்தார் மாமா எங்கேயோ போய்ப் புளியோதரைப் பொட்டலங்கள் வாங்கி வந்து, சாப்பிடு சாப்பிடு என்று உயிரை எடுத்தார். நான் பொட்டலத்தைத் தொடவில்லை. தீயணைப்பு வண்டி வந்து, ஆட்கள் கயிறுகளை இறக்கிக்கொண்டிருந்தபோது டபேதார் மாமா திரும்பி வந்தார். முழங்கால் வரை சேறு. சட்டையெல்லாம் முள் கிழித்திருந்தது. அவர் தனியாக வருவதைப் பார்த்ததும் மாமியார் எழுந்தார்.

“என் புள்ளைய அங்க விட்டுட்டா வந்தீரு? பெறவு எதுக்குவே போனீரு?”

அவர் நேராகத் தீயணைப்பு அதிகாரியிடம் போய் நின்றார்.

“பார்த்தது சொல்றேன். ஓடைக்கு அந்தப் பக்கம் பெரிய பாறை மேல ஆறு பேரு. எந்திரிச்சு நின்னாங்க, யாருக்கும் அடிபட்ட மாதிரி தெரியலை. தண்ணி பாறை உச்சிக்கு ரெண்டு முழம் கீழே போகுது. நான் நின்ன வரைக்கும் ஏறலை. ஓடையைக் கடக்க வழியில்லை. கேட்டது ஒண்ணுமில்லை. கத்துனாங்க, தண்ணிச் சத்தத்துல காதுல விழலை.”

“ஆறா, ஏழா?” என்றார் அதிகாரி. “ஏழு பேரு போனதா வாட்சர் சொல்றாரு.”

“பார்த்தது ஆறு.”

நான் ஓடிப்போய் முன்னால் நின்றேன். “அவரு இருந்தாரா மாமா? நீலச் சட்டை. நீலக் கட்டம் போட்ட சட்டை.”

“நீலச் சட்டையை நான் பார்க்கலை தாயி.”

“பாறைக்குப் பின்னால உட்கார்ந்திருக்கலாம்ல?”

“இருக்கலாம். நான் பார்க்கலை.”

ஹவில்தார் மாமா பாய்ந்து வந்தார். “இருப்பாம்மா! அங்கதான் இருப்பான், எங்க போயிருவான்! வேய், இருக்கான்னு சொல்லும், புள்ள நடுங்குதுல்லா!” அதிகாரியும் நல்ல மனுஷர்தான். எல்லோரும் பாறை மேல் பத்திரமாக இருந்தால் இந்த வெள்ளத்தில் இறங்குவது பாறையில் இருப்பவர்களுக்கும் ஆபத்து, தன் ஆட்களுக்கும் ஆபத்து, தண்ணீர் வடியும்வரை காத்திருந்து விடிந்ததும் கூட்டி வந்துவிடலாம் என்று எனக்குப் புரியும்படி சொன்னார். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. அவர் அந்தப் பாறை மேல் இருக்க வேண்டும். பத்திரமாக இருக்க வேண்டும். நான் டபேதார் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“பார்த்தேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க மாமா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும். ஒரே ஒரு வார்த்தை.”

அவருக்குக் கண் கலங்கியிருந்தது. அதை நான் பார்த்தேன். 

“பார்க்கலை தாயி.”

அந்த நிமிஷம் அவரைப் போல் நான் யாரையும் வெறுத்ததில்லை. மனுஷனா இவர், ஒரு பொய் சொன்னால் நாக்கா அழுகிவிடும் என்று நினைத்தேன். அவர் கையை உதறினேன். மாமியார் என்னைக் கட்டிக்கொண்டு பெருங்குரலெடுத்தார். அதிகாரி மட்டும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்க என்னதான் நினைக்கீங்க?” என்று கேட்டார்.

“நினைக்கிறதை நினைக்கிறதாத்தான் சொல்வேன். ஆறு பேரும் கையைக் காட்டுனாங்க. எனக்குக் கையாட்டுற மாதிரி இல்ல. எல்லாரும் ஒண்ணுபோல ஓடையோட கீழ்ப்பக்கமாவே காட்டுனாங்க. கீழே போய்த் தேடுங்கன்னு சொல்றாங்கன்னு நினைக்கேன். பார்த்தது கை மட்டுந்தான்.”

அதிகாரி யோசிக்கவே இல்லை. இரண்டு பேரைப் பாறைக்கு எதிரே நிற்க அனுப்பிவிட்டு, மற்றவர்களை ஓடைக்கரை வழியே கீழ்ப்பக்கமாகத் தேட இறக்கினார். கரைப் பாதையை ஏற்கெனவே பார்த்தவர் என்பதால் டபேதார் மாமாவும் கூடப் போனார். தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

நடந்தது இதுதான். ஓடையில் கால் நனைக்க இறங்கியபோது என் வீட்டுக்காரரின் செருப்பைத் தண்ணீர் இழுத்திருக்கிறது. அதைப் பிடிக்கப் போனவரை அடுத்து வந்த வெள்ளம் அள்ளிக்கொண்டது. கூட வந்தவர்கள் பாறையில் ஏறித் தப்பித்தார்கள். இவர் கீழே ஒரு தடுப்பணை ஓரத்தில் புதர் வேரைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு கிடந்திருக்கிறார். கால் முறிந்து, குரல் கட்டி, கூப்பிடத் தெம்பில்லாமல் கிடந்தார். பொழுது சாய்வதற்கு முன்னால் கண்டுபிடித்துவிட்டார்கள். அன்று இருட்டியதும் மலையில் மறுபடி மழை பிடித்து, அந்தத் தடுப்பணைப் புதர் தெரியாத அளவுக்கு வெள்ளம் போனதாக வாட்சர் பிறகு சொன்னார். பாறையில் இருந்த ஆறு பேர் மறுநாள் வெயில் வந்தபின் நடந்தே இறங்கி வந்தார்கள். மாமா வாயிலிருந்து ஏழு என்று ஒரு வார்த்தை வந்திருந்தால், விடியட்டும் என்று எல்லோரும் காத்திருந்திருப்போம். 

அன்றைக்கு எனக்கு இது எதுவும் தெரியாது. செக்போஸ்டில் வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு பாறைகளில் இறங்கி வர நேரமாகும் என்பதால், டபேதார் மாமா அவர்களுக்கு முன்னால் கிளம்பி வந்துவிட்டார். அந்த வயதில் அவர் ஓடி வந்ததை நான் பார்த்தேன். வந்தவர் மூச்சு வாங்க என் முன்னால் நின்றார்.

“பார்த்தேன் தாயி” என்றார். “உசுரோட இருக்கான். இடது காலு முழங்காலுக்குக் கீழ ஒடிஞ்சிருக்கு. தலையில அடி இல்ல. என்னைப் பார்த்தான், அடையாளம் தெரிஞ்சுது. தூக்கிட்டு வாராங்க.”

“பேசினாரா?”

“பேசுனான்.”

“என்ன சொன்னாரு மாமா?”

மாமா கொஞ்சம் தயங்கினார். பிறகு கேட்டதைக் கேட்டபடி சொன்னார். “புதுச் செருப்பு மாமா, போன வாரம் வாங்குனது, போயிருச்சேன்னான்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. எது முன்னால் வந்தது என்று தெரியவில்லை. நாசமாய்ப் போகிற செருப்பு என்று சத்தமாகவே சொன்னேன். சொன்ன மாத்திரத்தில் அப்படி ஒரு பசி பசித்தது. காலையிலிருந்து பச்சைத்தண்ணீர் பல்லில் படவில்லை. ஹவில்தார் மாமா வைத்துவிட்டுப் போன பொட்டலத்தைப் பிரித்து, அங்கேயே மண்ணில் உட்கார்ந்து, புளியோதரையை அள்ளி அள்ளிச் சாப்பிட ஆரம்பித்தேன். டபேதார் மாமா பக்கத்துக் குழாயில் தண்ணீர் குடிக்கப் போனார்.

மாமியார் பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல் நின்றிருந்தார். என் பிள்ளையைக் கண்ணில் காட்டுங்கள், ஒரு தடவை காட்டுங்கள் என்று அரற்றிக்கொண்டிருந்தவர், திரும்பி என்னைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

“ஏட்டி, இன்னும் அவன் மொகத்தைக்கூடப் பார்க்கலை. அதுக்குள்ள உனக்கு எப்படிட்டி சோறு எறங்குது?”

“மாமா பார்த்துட்டாங்கல்லா, அத்தை” என்றேன், வாய் நிறைய.

 மாமியார் முந்தானையால் மூக்கைத் துடைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் பொட்டலத்திலேயே கை வைத்துச் சாப்பிடத் தொடங்கினார்.